முறை: தென்பெண்ணை அணைகளும் நீரின் காலமும்

1

ஆண்டுதோறும் ஆடி பிறக்கிற சமயத்தில் அரசிடமிருந்து ஒரு செய்திக் குறிப்பு வரும். விவசாயிகளின் கோரிக்கையை ஏற்று, கிருஷ்ணகிரி அணையிலிருந்து முதல் போகப் பாசனத்துக்கு இன்ன தேதி முதல் இத்தனை நாட்களுக்குத் தண்ணீர் திறந்துவிட ஆணையிடப்பட்டிருக்கிறது, இதனால் 9,012 ஏக்கர் பயன்பெறும் என்று அதில் இருக்கும். ஆட்சி மாறும், கட்சி மாறும், துறையின் பெயர்கூட மாறும் (பொதுப்பணித் துறையின் கீழ் இருந்த நீர்வளம் 2021இல் தனித் துறையாயிற்று). ஆனால் இந்த வாக்கியத்தின் இலக்கணம் மட்டும் மாறுவதே இல்லை. விவசாயி கேட்பவன், அரசு கொடுப்பது, தண்ணீர் கொடைப்பொருள். மதகைத் திருப்பியதும் அமைச்சரோ ஆட்சியரோ பொங்கி வரும் நீரில் பூத் தூவுவார்கள். அந்தப் புகைப்படம் அந்த வாக்கியத்துக்கான உரை.

இந்த வாக்கியத்தில் எது இல்லை என்று கேட்டுப் பார்க்கலாம். ஏன் அந்தத் தேதி? பத்து நாள் முன்னதாக ஏன் இல்லை? 120 நாள் என்று கணக்குப் போட்டவர் யார், எதை வைத்துப் போட்டார்? மழை தவறினால் முதலில் நிற்கப்போவது எந்த வாய்க்கால்? இதற்கெல்லாம் பதில்கள் இல்லாமலில்லை. பொறியாளரின் பதிவேட்டில் இருக்கின்றன. ஆனால் வெளியே வருவது ஆணை மட்டும்தான். ஊரில் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்டுக்கொள்ளும் "தண்ணி எப்ப வுடுவாங்க?" என்ற கேள்வியின் வினைமுடிபைக் கவனியுங்கள். 'வுடுவாங்க.' யார் என்று தெரியாத ஒரு படர்க்கைப் பன்மை. அதிகாரத்தை நம் பேச்சுத்தமிழ் இவ்வளவு துல்லியமாகக் குறிப்பது வேறெங்கும் அபூர்வம்.

அணை என்றால் தண்ணீரைத் தேக்கும் கட்டுமானம் என்றே படித்து வந்திருக்கிறோம். அணை தேக்குவது தண்ணீரை மட்டுமல்ல, காலத்தையும்தான் என்று சொல்லிப்பார்க்க விரும்புகிறேன். புரட்டாசியில் வந்த நீரைத் தை மாதத்துக்கு நகர்த்துவதுதான் நீர்த்தேக்கத்தின் வேலை. எனவே அணையின் வரலாறு என்பது, யாருடைய மாதத்திலிருந்து யாருடைய மாதத்துக்கு நீர் நகர்த்தப்பட்டது என்பதன் வரலாறு. தென்பெண்ணையில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே உள்ள இரண்டு அணைகளை வைத்து இதைப் பேசலாம்.

2

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆற்றுக்குக் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர். எல்லை தாண்டியதும் தென்பெண்ணை, பொன்னையாறு. ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்குவதால், ஏரிக்கே ஏரி, செருவு, கெரெ என்று மூன்று சொற்கள் உண்டு. மாநில எல்லை 1956இல் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது ஆற்றுக்கு மொழி எது என்று யாரும் கேட்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஓசூர் இருக்கிறது. அங்கிருந்து குன்றுகளுக்கிடையே இறங்கி ஆறு கிருஷ்ணகிரியை அடைகிறது. இந்த இறக்கத்தின் மேல்முனையில் கெலவரப்பள்ளி அணை (44.28 அடி), கீழே பெரியமுத்தூர் அருகில் கிருஷ்ணகிரி அணை (52 அடி). ஊரில் கே.ஆர்.பி. டேம் என்றால்தான் தெரியும்.

பருவங்களின் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது தெரியாமல் அரசியல் பேசுவதில் அர்த்தமில்லை. இந்த ஆற்றுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இரண்டுமே முழுசாக நம்பத்தக்கவை அல்ல. தென்மேற்குப் பருவத்தில் மேலே நந்தி மலை, பெங்களூர், கோலார்ப் பக்கம் பெய்வது ஆவணி புரட்டாசியில் இங்கே வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமும் வங்கக்கடல் புயல்களும். முதல் போகத்துக்கு ஆடியிலேயே மதகைத் திறக்க வேண்டும். அப்போது அணை நிரம்பியிருக்கும் என்ற உறுதி கிடையாது. ஆகவே முதல் போகத்துக்குத் திறப்பது, இனிமேல் வரப்போகும் மழையின் பேரில் வாங்கும் கடன். இரண்டாம் போகத்துக்கு மார்கழி, தை வாக்கில் திறப்பது நேர்மாறானது. மழை முடிந்துவிட்டது. கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுதான். அது சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. கார்த்திகைக் கடைசியில், இரண்டாம் போகத்தை நம்பியிருப்பவனுக்கு அணை விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். அதே கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தால், ஆற்றின் கீழ்க்கரையில் குடியிருப்பவனுக்கு அணை காலியாக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே அணை நிறைந்தும் குறைந்தும் இருக்க முடியாது. எந்த அளவில் நிறுத்துவது என்பது, யாருடைய ஆபத்தை யார் தலையில் வைப்பது என்ற கேள்விதான். இதற்கு ஒரு தொழில்நுட்ப விடை உண்டு என்பது உண்மை. அது தொழில்நுட்ப விடை மட்டும்தான் என்பது உண்மையல்ல.

3

அணைக்கு முன்னால் என்ன இருந்தது? இங்கே நம் சூழலில் இரண்டு கதையாடல்கள் தயாராகக் காத்திருக்கின்றன. ஒன்று, வெள்ளைக்காரன் வரும்வரை கிராமங்கள் தங்கள் ஏரிகளைத் தாங்களே கூடிப் பராமரித்துக்கொண்டிருந்தன என்ற கதை. மற்றது, எல்லாம் மன்னனின் பெருங்கொடை என்ற கதை. இரண்டுமே நீரைக் கையால் தொட்ட ஆளை மறந்துவிட்டு எழுதப்பட்டவை.

மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792இல் பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு. பாரமகாலுக்கு அலெக்சாண்டர் ரீட் தலைமையில் வந்த அதிகாரிகளில் தாமஸ் மன்றோவும் ஒருவர். பின்னால் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற நிலவரி ஏற்பாட்டின் முதல் சோதனைக்கூடம் இந்தப் பூமிதான். நிலத்தை ஆள் ஆளாக, சர்வே எண்ணாகப் பிரித்துப் பட்டா எழுதினார்கள். ஆனால் நீரை அப்படிப் பிரிக்க முடியாது. நிலம் தனியாளுடையது, நீர் சர்க்காருடையது என்றாகி, இடையிலிருந்த ஏரி யாருடையதுமில்லாமல் போயிற்று. கரை உடையும்போது மட்டும் சர்க்காருக்கு ஊர்க் கூட்டு உழைப்பு ஞாபகத்துக்கு வந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரி, கால்வாய் உடைப்பைத் தடுக்க ஊரார் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்றது. வழக்கமாக இருந்தது சட்டமானபோது, முறையாக இருந்தது தண்டனைக்குரியதாயிற்று.

இப்போது அந்த ஆளுக்கு வருவோம். ஏரி மதகைத் திறந்து மூடி, வாய்க்காலுக்கு வாய்க்கால் முறைவைத்துப் பாய்ச்சியவர்களுக்கு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று தமிழ்ப் பகுதிகளில் பெயர். கன்னடத்தில் நீருகண்டி. தமிழகத்தின் பல பகுதிகளில் இவர்கள் தலித்துகள். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று தீர்மானிக்கும் அறிவு இவர்களிடம் இருந்தது. ஆனால் பாயும் வயல் இவர்களுடையதல்ல. இந்த வேலைக்குக் களத்து மேட்டில் அளக்கப்பட்ட தானியப் பங்குக்குப் பழைய வருவாய் ஆவணங்களில் உள்ள பெயர் 'சுதந்திரம்'. சும்மா சொல்லக்கூடாது, சொல்லின் வரலாறு சில சமயம் வரலாற்று நூல்களைவிட நேர்மையானது. 1947க்குப் பிறகு இந்தச் சொல் தேசத்துக்குப் போய்விட்டது, தானியம் களத்தோடு நின்றுவிட்டது.

'மடையன்' என்ற வசைச்சொல் மடை திறக்கும் ஆளிடமிருந்து வந்தது என்று இப்போது பல மேடைகளில் சொல்கிறார்கள். தமிழ் அகராதி சமையற்காரன் என்ற பொருளை முதலில் தருகிறது. மடை என்றால் சோறும்தான். சொற்பிறப்பு எதுவானாலும் விஷயம் ஒன்றே. சோறாக்குபவனும் நீர் பாய்ச்சுபவனும் அறிவற்றவன் என்று நினைக்கிற ஒரு சமூகம்தான் அந்தச் சொல்லை வசையாக்க முடியும்.

எனவே ஏரிக்காலத்தைப் பொற்காலம் என்று ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டில் நீரின் காலம் ஊரின் கண்ணுக்குத் தெரிந்தது. ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்று எவனும் கரைமேல் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். முறை தவறினால் ஊர்நடுவே சண்டை போடலாம். அந்தச் சண்டையில் யார் வாய் திறக்கலாம், யார் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. அநீதி இருந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது.

4

1957 நவம்பரில் முதலமைச்சர் காமராசர் கிருஷ்ணகிரி அணையைத் திறந்துவைத்தார். அதே 1957இல் கார்ல் விட்ஃபோகலின் 'கீழைத்தேயக் கொடுங்கோன்மை' வெளிவந்தது என்பது தற்செயல்தான். ஆனால் பேசத்தக்க தற்செயல். பெரிய நீர்ப்பாசனம் வேண்டுமானால் பெரிய அதிகாரவர்க்கம் வேண்டும், அதிலிருந்து பிறப்பதே ஆசிய சர்வாதிகாரம் என்பது விட்ஃபோகலின் கட்சி. 1853இல் மார்க்ஸ் நியூயார்க் செய்தித்தாளில் இந்தியா குறித்து எழுதிய கட்டுரைகளில், நீர்ப்பாசனப் பொதுப்பணிகள் கீழைநாட்டு அரசின் கடமையாக இருந்ததைக் குறித்திருந்தார். விட்ஃபோகல் அதை ஒரு முழுக் கோட்பாடாக ஊதினார், அதுவும் பனிப்போருக்கு வாகாக. இரண்டே ஆண்டில், 1959இல், எட்மண்ட் லீச் இலங்கையின் குளங்களை வைத்து இதை மறுத்தார். அங்கே பெரிய குளங்களோடு கூடவே, ஊர்கள் தாமே நடத்திய ஆயிரக்கணக்கான சிறு குளங்களும் இருந்தன. அவற்றுக்கு மைய அதிகாரவர்க்கம் தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரி அணை இந்த இரண்டு வாதத்துக்கும் அடங்காது. இது மேட்டூர் அல்ல. மேட்டூருக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி இருக்கிறது. அது தமிழ்நாட்டின் அரசியல் நாட்காட்டியில் ஒரு பண்டிகை. திறக்காவிட்டால் சட்டமன்றம் அதிரும். 93 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூரோடு பார்த்தால், இரண்டு டி.எம்.சி.கூடக் கொள்ளாத கே.ஆர்.பி. ஒரு குட்டை. அதனாலேயே இதற்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத அணையில் மனு இருக்கும். மனுவுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் செல்வாக்கு வேண்டும். நிலையான விதி இல்லாத இடத்தில் கொடை நுழைகிறது. முதல் பத்தியில் சொன்ன வாக்கியம் பிறக்கிற இடம் இதுதான். விட்ஃபோகல் தேடிய கொடுங்கோலன் இங்கே இல்லை. இருப்பவர் விண்ணப்பம் வாங்கும் நல்லவர்.

அணை தன்னோடு கொண்டுவந்த இன்னொன்று ஆயக்கட்டு. இடது கால்வாய், வலது கால்வாய், 16 ஊராட்சிகள், 9,012 ஏக்கர். அதற்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டு வழியாகப் பாரூர் ஏரிக்குத் தண்ணீர் போகும், அதன் பாசனம் தனி. ஆயக்கட்டுக்குள் இருப்பவன் 'பயனாளி'. கோட்டுக்கு வெளியே, கால்வாய் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிற மானாவாரிக்காரன் யாருமல்ல. கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கு 120 நாள் என்பது வேலை நாள்களின் கணக்கு. ஆணையில் அவளுக்கு ஏக்கர் இல்லாததால் இடமில்லை. அணையில் மீன்பிடிப்பவர்களுக்கும் அப்படியே. நீர்மட்டம் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பது அவர்களுக்குப் பிழைப்பு. நமது பதிவேடுகளிலோ நீரின் அலகு கனஅடி, பயனின் அலகு ஏக்கர். மூன்றாவது அலகு கிடையாது.

நீர்க்கட்டி என்ன ஆனார்? பொதுப்பணித் துறைக் கால்வாயில் மதகைத் திறந்து மூட வந்தவருக்கு லஸ்கர் என்று பெயர். மாதச் சம்பளம் கிடைத்தது. சாதியின் பிடியிலிருந்து வேலை விடுபட்டது என்ற அளவில் இது விடுதலைதான், அதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் தீர்மானிக்கும் அறிவு கைமாறிவிட்டது. லஸ்கர் தீர்மானிப்பதில்லை. வந்த உத்தரவைத் திருப்புகிறார். தொழிற்சாலைக் காலம் உழைப்பாளியின் உடலை எப்படிப் பழக்கியது என்று இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையை நாம் ஆலைகளுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். கால்வாய்க்கரையிலும் ஒரு கடிகாரம் வைக்கப்பட்டது.

'முறை' என்ற நம் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முறை என்றால் வரிசை. முறை என்றால் நீதி. முறை என்றால் உறவும்தான். முறைவைத்துப் பாய்ச்சும்போது இந்த மூன்றும் ஒன்றாக இருந்தன, அல்லது ஒன்றாக இருப்பதாகப் பாவிக்கப்பட்டன. அணைக்காலத்தில் எஞ்சியது முதல் பொருள் மட்டும். 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கென்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வந்தன. ஆனால் அங்கேயும் உறுப்பினராக நிலம் வேண்டும். நீதி என்ற பொருள் திரும்பி வருவதாக இருந்தால் அது பட்டாவைக் காட்டித்தான் உள்ளே வரலாம்.

5

கெலவரப்பள்ளி அணை 1990களில் பயனுக்கு வந்தது. அதன் ஆயக்கட்டு சுமார் 8,000 ஏக்கர். அது வந்தபோது ஓசூர் வேறு ஊராக மாறியிருந்தது. 1970களில் தொடங்கிய சிப்காட், அதையொட்டி வாகன ஆலைகள், அவற்றுக்குப் பாகம் செய்து தரும் சிறு பட்டறைகள், மூன்று ஷிப்டு. ஒரே வீட்டில் ஒருவர் ஷிப்டுக்கும் மற்றவர் மடைக்கும் போகிற காலம். ஆனால் இந்த அணையின் காலத்தை மாற்றியது ஓசூரின் ஆலைகளைவிட, மேலே இருக்கும் மாநகரம்.

பெங்களூர் குடிப்பது காவிரி. 1974இல் முதல் கட்டம் முடிந்ததிலிருந்து, சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். குடித்துக் குளித்துக் கழுவிவிட்ட நீரில் கணிசமான பகுதி கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுந்து தட்சிண பினாகினிக்குள் இறங்குகிறது. 2015இல் நுரைத்து, 2017இல் தீப்பற்றி உலகச் செய்தியான ஏரிகள் இவைதாம். அதாவது, காவிரிப் படுகையிலிருந்து எடுத்த நீர் பெண்ணைப் படுகையில் கழிவாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. காவிரி நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் டி.எம்.சி. டி.எம்.சி.யாக அளந்த பேரேட்டில் இந்த வரவு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் இருக்கிறது என்று 2007இல் நடுவர் மன்றம் கணக்கிட்டது. 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பைத் தளர்த்தி, நகரத்தின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகத் தந்தது. குடிநீருக்குப் படுகை எல்லை இல்லை என்று நீதி சொன்னது. கழிவுநீருக்கு எல்லை இல்லை என்பது ஆற்றுக்கு ஏற்கனவே தெரியும்.

இதன் விளைவாகப் பருவமே புரண்டுவிட்டது. மழைக்கால ஆறாக இருந்த தென்பெண்ணை கோடையிலும் ஓடுகிறது. ஓடுவது நகரத்தின் அன்றாடம். நகரம் தினமும் காலையில் பல் விளக்குகிறது, துணி துவைக்கிறது, ஆகவே ஆறு தினமும் வருகிறது. மேலே பெருமழை பெய்து அணையிலிருந்து உபரி நீர் திறக்கும் நாள்களிலோ நுரை மலையாகக் குவிந்து தரைப்பாலங்களை மூடுகிறது. விவசாயிக்கு வெள்ளம் என்றால் வண்டல் என்று இருந்தது. இப்போது வெள்ளம் என்றால் நுரை. கீழே கே.ஆர்.பி. அணையில் அது பச்சைப் பாசியாகத் தேங்கி நிற்கிறது. தண்ணீர் இல்லாத கோடையில் கிடைக்கும் கழிவுநீரை வேண்டாம் என்று சொல்ல ஒரு குறுவிவசாயியால் முடியுமா? அவன் கேள்வி தண்ணி வருமா என்பதிலிருந்து, வருகிற தண்ணி எப்படிப்பட்டது என்பதற்கு நகர்ந்துவிட்டது. நம் பாசன ஆணைகள் இன்னும் முதல் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு தமிழ் உற்சாகம் எழும்: பார்த்தீர்களா, கன்னடக்காரன் காவிரியைத் தராமல் சாக்கடையைத் தருகிறான். அந்தப் பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லை. ஏனென்றால் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஓசூரும் குடிப்பது காவிரிதான். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. புளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்கு அது அவசியமான திட்டம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஓசூரின் சாக்கடையும் கடைசியில் இறங்குவது இதே பெண்ணைப் படுகையில். பெங்களூர் பெரிய அளவில் செய்வதை ஓசூர் சிறிய அளவில் செய்கிறது. பக்கத்து ஆற்றைக் குடிக்க முடியாதபடி ஆக்கிவிட்டு, தூரத்து ஆற்றைக் குழாயில் வரவழைப்பதுதான் தொழில்மய நகரத்தின் நீர்க் கொள்கை. அதற்கு மொழி கிடையாது.

6

மொழி கிடைப்பது நீதிமன்றத்தில். தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில், கோலார் மாவட்டம் யர்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. கோலார், பங்காரப்பேட்டை, மாலூர் நகரங்களுக்குக் குடிநீர் என்பது காரணம். தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. மார்க்கண்டேய நதி அணையோடு, ஏரிகளிலிருந்து நீரை மேலேற்றும் திட்டங்களும் வழக்கில் இருந்தன. ஆதாரமாகக் காட்டப்பட்டது 1892ஆம் ஆண்டின் சென்னை - மைசூர் ஒப்பந்தம். பட்டியலிட்ட ஆறுகளில் சென்னையின் சம்மதமில்லாமல் மைசூர் புதிய பாசனப் பணி கூடாது என்ற ஒப்பந்தம். ஆறு என்றால் அதன் கிளைகளும் சேர்த்தியா என்று 126 வருஷம் கழித்து வாதம் நடந்தது. 2019 நவம்பர் 14 அன்று நீதிமன்றம் தமிழ்நாட்டின் இடைக்கால மனுவைத் தள்ளுபடி செய்து, நடுவர் மன்றம் வேண்டுமென்றால் மத்திய அரசைக் கேள் என்றது. தமிழ்நாடு கேட்டது. 2020இல் ஒரு பேச்சுவார்த்தைக் குழு வந்தது.

கீழ்மடைக்காரனாகத் தமிழ்நாட்டின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. மேலே கட்டும் ஒவ்வொரு அணையும் கீழே இருப்பவனின் மாதத்தைப் பறிக்கும். எனினும் எதிர்த்தரப்பில் நிற்பது பெங்களூர் மட்டுமல்ல, கோலார். ஆயிரம் அடிக்கும் மேல் ஆழ்துளை போட்டும் தண்ணீர் காணாத மாவட்டம். 2018லிருந்து பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோய் கோலாரின் வறண்ட ஏரிகளில் நிரப்புகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் அழுக்கு என்று புகார் சொல்லும் அதே நீருக்கு, அந்தப் பக்கம் அவர்கள் காத்திருக்கிறார்கள். நாமும் இரண்டு குரலில் பேசுகிறோம்: கழிவை விடாதே என்று ஒரு குரல், நீரைக் குறைக்காதே என்று ஒரு குரல். இரண்டும் தனித்தனியே நியாயம். சேர்த்துக் கேட்டால் சிக்கல் புரியும். டி.எம்.சி. என்ற ஒற்றை அலகில் தேசிய இன உரிமையைப் பேசக் கற்றுக்கொண்டோம். அந்த அலகுக்கு நிறமில்லை, நாற்றமில்லை, மாதமில்லை. எவ்வளவு என்று கேட்கிறது. எப்படிப்பட்டது, எப்போது என்று கேட்பதில்லை.

7

ஒழுங்காக நடக்கும்வரை அணையின் முடிவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடையும்போதுதான் தெரிகின்றன. 2017 நல்ல மழை. கே.ஆர்.பி. அணை முழுக் கொள்ளளவான 52 அடியைத் தொட்டிருந்தது. நவம்பர் 29 அன்று எட்டு மதகுகளில் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. அறுபது வயதான இரும்பு. பழுதுபார்ப்பதற்காக 32 அடிக்கு நீரை இறக்க வேண்டியதாயிற்று. இருபது அடித் தண்ணீர் ஆற்றில் போயிற்று. இரண்டாம் போகத்துக்காக மழைக்காலம் முழுவதும் சேர்த்து வைத்த மாதங்கள் சில நாளில் கரைந்தன. பின்வந்த ஆண்டுகளில் ஷட்டர்களை மாற்றினார்கள். அறுபது ஆண்டுத் திறப்பு விழாப் பூக்களின் செலவில் கொஞ்சம் கிரீஸுக்குப் போயிருக்கலாம் என்று ஊரில் கேலி பேசிக்கொண்டார்கள். கேலிக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது. திறப்பது கொடையாக இருக்கும்வரை, பராமரிப்பது யாருடைய பெருமையும் அல்ல.

அடுத்தது 2024. ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பாம்பாறும் பெண்ணையும் ஒன்றாகக் கீழே திரண்டன. திருவண்ணாமலை மாவட்டத்தில் 119 அடி உயரமுள்ள சாத்தனூர் அணை நிறைந்திருந்த கார்த்திகை மாதம். டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரைகள் மூழ்கின. முன்னறிவிப்பில்லை என்று எதிர்க்கட்சிகள், ஐந்து முறை எச்சரித்தோம் என்று அரசு. நான் மேலே சொன்ன முரண்பாடு, ஒரே நாளில் நிறைந்தும் குறைந்தும் இருக்க வேண்டிய அணை என்பது, அன்று இரவு முடிவுக்கு வந்தது. எச்சரிக்கை போனதா இல்லையா என்ற விவாதம் தேவையானதுதான். ஆனால் அது கடைசி மணி நேரத்தைப் பற்றிய விவாதம். நவம்பரில் அணையை எந்த அளவில் நிறுத்துவது என்ற கேள்வியில் கடலூர்க் கரையோரக் குடிசைக்காரனுக்கு என்ன இடம் இருந்தது? ஆயக்கட்டில் அவன் பயனாளி இல்லை. அபாயத்தில் மட்டும் பங்குதாரன்.

அணையின் மாதவாரி நீர்மட்ட விதி என்று ஒன்று பொறியியலில் உண்டு. எந்தத் தேதியில் எத்தனை அடிவரை தேக்கலாம் என்று வரைந்துவைக்கும் கோடு. 2021இல் முல்லைப் பெரியாறு வழக்கில் இந்தக் கோடு நாடறிந்த சங்கதியாயிற்று. இன்ன தேதிவரை 139.5 அடி, நவம்பர் கடைசியில் 142 அடி என்று செய்தித்தாள் படிக்கும் எவனும் பேசினான். இரண்டு மாநிலம் சண்டை போட்டதால் அந்தக் கோடு வெளியே வந்தது. ஒரே மாநிலத்துக்குள் மேல்கரைக்கும் கீழ்க்கரைக்கும், ஆயக்கட்டுக்கும் குடிசைக்கும் உள்ள சண்டைக்கு அப்படிப்பட்ட மரியாதை கிடைப்பதில்லை. கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி., சாத்தனூர் மூன்றும் ஒரே ஆற்றில் படிப்படியாக இருப்பவை. மேலுள்ளது திறந்தால் கீழுள்ளது ஏந்த வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே நாட்காட்டி வேண்டும். அது ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழிலும், எல்லையோர ஊர்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும் தொங்க வேண்டும். நீரின் அளவோடு நீரின் தரமும் அதில் ஒரு பத்தியாக இருக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் பட்டா இல்லாதவர்களும், மீன்பிடிப்பவர்களும், கீழ்க்கரைக்காரர்களும் உட்கார வேண்டும்.

இது சீர்திருத்தவாதம்தானே என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இருக்கட்டும். 'வுடுவாங்க' என்ற சொல்லில் உள்ள அந்தப் பெயரில்லாத படர்க்கையை 'வுடறோம்' என்ற தன்மைப் பன்மையாக மாற்றுவது சின்ன வேலையல்ல. முறை என்ற சொல்லுக்கு வரிசை என்பதோடு நீதி என்ற பொருளும் இருந்தது என்று மதகுக்கு நினைவூட்டுகிற வேலை அது.